நான்காம் பக்கத்து வரி

ஆரணி
4.3.2024

அன்பு மகள் லாவண்யாவுக்கு,

பெரியப்பா சம்பந்தம் எழுதுகிறேன். உன் பெரியம்மாவுக்கு முழங்கால் வலி, எனக்குக் காது. மற்றபடி இருவருக்கும் மிச்சமெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தி காவ்யாவும் எப்படி இருக்கிறீர்கள்?

போன வாரம் நீ பேசியபோது பெரியம்மா போனை என் காதில் வைத்து அழுத்தினாள். எனக்குக் கேட்டதெல்லாம் கொய்ங் என்ற சத்தம்தான். வீட்டில் எல்லோரும் என்னிடம் சொல்ல வேண்டியதை ஒரு நோட்டில் எழுதிக் காட்டுகிறார்கள். போனில் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வதுபோலத் தெரிகிறது. ஆகவே நமக்குக் கடிதம்தான்.

உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். எங்கள் படைப்பிரிவின் பழைய ஏடுகள் உங்கள் புனேயில் ஓர் அலுவலகத்தில் இருக்கின்றன. என் சர்வீஸ் ஏட்டில் நான்காம் பக்கம், 1971 டிசம்பர் 10 என்ற தேதிக்கு எதிரே உள்ள வரி தப்பு. அதைத் திருத்த வேண்டும். மனு எப்படிக் கொடுப்பது என்று விசாரித்து எழுது.

இத்தனை வருஷம் சும்மா இருந்துவிட்டு இப்போது ஏன் என்பாய். இங்கே முன்னாள் ராணுவத்தார் சங்கக் கட்டிடத்தில் கல்வெட்டு வைக்கப் போகிறார்கள். செயலாளர் தணிகாசலம் நோட்டை வாங்கி, "அண்ணே, வர்ற ஜனவரி 26-க்குக் கல்லு வெச்சிடலாம், உங்க பேருதான் மொதல்ல" என்று கொட்டை எழுத்தில் எழுதினார். ஏட்டில் உள்ளபடியே வெட்டுவார்களாம். காகிதத்தில் இருப்பதை அடித்து எழுதலாம், கல்லில் வெட்டியதை என்ன செய்வது? எனக்கும் எழுபத்து நாலு ஆகிறது.

காவ்யாவுக்கு என் ஆசி.

உன் பெரியப்பா,
சம்பந்தம்


புனே
17.3.2024

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

லாவண்யாவின் வணக்கம். இங்கே மூவரும் சுகம். பெரியம்மாவின் முழங்காலுக்கு ஒரு தைலம் பார்சலில் வருகிறது. தினமும் தேய்க்கச் சொல்லுங்கள், அலமாரியில் வைத்துப் பூட்டச் சொல்லாதீர்கள்.

உங்கள் ஏட்டின் நகலுக்கு எழுதிப் போட்டேன், வந்துவிட்டது. நான்காம் பக்கத்தைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. "எதிரியின் குண்டு மழைக்கு நடுவே, காயம்பட்ட இருவரை ஒருவர் பின் ஒருவராக முதுகில் சுமந்து ஆற்றைக் கடந்தார். பாராட்டப்படுகிறார்." சின்ன வயதில் இதை எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்! மார்க்கெட்டில் உங்களோடு நடந்தால், "ரெண்டு பேரத் தூக்கிகினு ஆத்தத் தாண்டினாரே, அவரு பொண்ணா நீ?" என்பார்கள். தம்பி பெண் என்று நான் ஒருநாளும் திருத்தியதில்லை. போன ஆகஸ்டில் காவ்யா பள்ளிக்கூடத்தில் உங்களைப் பற்றிப் பேசிப் பரிசு வாங்கினாள். அந்தக் கோப்பை டிவி பக்கத்தில்தான் இருக்கிறது.

இதில் என்ன தப்பு? மூன்று பேரைத் தூக்கி, இரண்டு என்று எழுதிவிட்டார்களா? உங்கள் குணத்துக்கு அதுவும் நடந்திருக்கும். மனுவை உங்கள் கையெழுத்தோடு அனுப்புங்கள், நேரில் போய்க் கொடுக்கிறேன்.

என்றும் உங்கள் செல்லம்,
லாவண்யா


ஆரணி
2.4.2024

அன்பு லாவண்யா,

தைலம் வந்தது. நீ சொன்னபடியே அலமாரிக்குப் போனது.

மனுவை இத்துடன் வைத்திருக்கிறேன். தலைமை ஆசிரியர் கிறிஸ்டோபரிடம் காட்டி இங்கிலீஷில் எழுதி வாங்கினேன். உனக்காகத் தமிழில் சுருக்கம்: அந்த வரியை என் ஏட்டிலிருந்து நீக்க வேண்டும். ஆற்றைக் கடந்தது நான் இல்லை. அதே பீரங்கிப் படையில் இருந்த துரைக்கண்ணு, ஊர் சந்தவாசல். அவன் ஏட்டில் "நோயால் மரணம், 19.12.1971" என்று மட்டும் இருக்கும். என்னுடையதை எடுத்து அங்கே சேர்க்க வேண்டும்.

மேலே எதுவும் கேட்காமல் கொடுத்துவிடு. இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. மாங்காய் அனுப்பட்டுமா?

பெரியப்பா


புனே
28.5.2024

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். பதில் தாமதமாகிவிட்டது. காவ்யாவுக்கு லீவு, எனக்கு ஆஸ்பத்திரி லேபில் இரட்டை ஷிப்ட். உங்களுக்கு ரத்த அழுத்தம் எவ்வளவு? மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா? கொஞ்ச நாளாகத் தூக்கம் சரியில்லை என்று பெரியம்மா சொன்னார்களே, என்ன நினைத்துக்கொண்டு படுக்கிறீர்கள்?

மனுவைக் கொடுத்துவிட்டேன். வாசலிலேயே ஒருவர் வாங்கிக்கொண்டார். பார்க்கிறோம் என்றார். ரசீதெல்லாம் தரவில்லை. பழைய ஏடுகள், நாள் ஆகும்போல. ஒருவேளை கடைசிவரை ஒன்றும் நடக்காமலே போகலாம். அதற்காக நீங்கள் மனதை அலட்டிக்கொள்ளக் கூடாது.

வயதாகும்போது பழைய நினைவுகள் ஒன்றோடு ஒன்று கலந்துவிடும் என்று எங்கள் டாக்டர் சொல்கிறார். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மாங்காய் வேண்டாம், இங்கே கிடைக்கிறது.

லாவண்யா


ஆரணி
10.6.2024

அன்பு மகளுக்கு,

ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது. நினைவும் சரியாகத்தான் இருக்கிறது. அதுதான் பேஜார்.

ராணுவத்தில் இருபத்தொரு வருஷம் இருந்தவன் நான். ஒரு ஊசியைத் திருப்பிக் கொடுத்தாலும் ரசீது தரும் இடம் அது. நீ போகவில்லை. கோபமில்லை. முழுசாகச் சொல்லாமல் வேலை வாங்கியது என் தப்பு. இப்போது சொல்கிறேன், உட்கார்ந்து படி.

நம் தெருவில் ஒவ்வொரு தறி வீட்டுக்கும் ஓர் அடையாளம் உண்டு. சேலையைக் கடைக்காரரிடம் கொடுக்குமுன் ஓரத்தில் பட்டு நூலால் ஒரு முடிச்சுப் போடுவோம். அதைப் பார்த்தே இன்னார் வீட்டுச் சேலை என்று எடுத்துவைப்பார்கள். நம் வீட்டுக்குச் சிவப்பில் இரட்டை முடிச்சு. அதை இன்னொரு வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது என்பது உன் தாத்தாவின் சட்டம். "அவன் நெய்யிற கோணலுக்கு நீ பதில் சொல்லுவியாடா?" என்பார்.

முகாமில் வண்ணான் சட்டைகளை மாற்றி மாற்றிக் கொடுப்பான். நான் என் காலருக்குள்ளே சிவப்பு முடிச்சுப் போட்டுக்கொண்டேன். துரைக்கண்ணு அதைப் பார்த்து, "எனக்கும் போட்டுக் குடுறா" என்றான். "உங்க வூட்டு அடையாளம் என்னடா?" என்றேன். "எங்க வூட்ல ஏரும் மாடுந்தான், அதக் காலர்ல கட்ட முடியுமா?" என்று சிரித்தான். தாத்தாவின் சட்டத்தை மீறி நம் முடிச்சையே அவனுக்கும் போட்டேன். மொத்தப் படையிலும் அந்த முடிச்சு எங்கள் இருவருக்கு மட்டும்தான்.

டிசம்பர் பத்து காலையில் எங்கள் பீரங்கிக்குப் பக்கத்தில் குண்டு விழுந்தது. காதில் ரத்தத்தோடு நான் பள்ளத்தில் கிடந்தேன். துரைக்கண்ணு மார்புவரை நனைந்து வந்தான். அவன் வாய் அசைந்தது, எனக்கு எதுவும் கேட்கவில்லை. இரண்டு விரலைக் காட்டி, முதுகைத் தொட்டு, ஆற்றைக் காட்டினான். டிசம்பர் மாதத்து ஆற்றுத் தண்ணீர், பனிக்கட்டி மாதிரி இருக்கும், போக வரப் போக வர நாலு தடவை. அன்று சாயங்காலமே ஜுரம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு அந்தச் சட்டையோடு போனவன் திரும்பவில்லை.

அவன் காப்பாற்றிய கேப்டன், ஸ்ட்ரெச்சரில் போகும்போது "காலரில் சிவப்புப் பட்டு முடிச்சு" என்று மட்டும் சொன்னாராம். சுபேதார் எல்லார் காலரையும் பார்த்தார். உயிரோடு வரிசையில் நின்றது என் காலர்தான். ஜனவரியில் அணிவகுப்பில் பாராட்டை வாசித்தார்கள். எனக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் நின்றவன் முழங்கையால் இடித்தான், ஓர் அடி முன்னால் போய் சல்யூட் அடித்தேன். எதற்கு என்றே தெரியாது.

இரண்டு மாதம் கழித்து ஒரு காது பாதி திறந்தபோது காகிதத்தைக் கொடுத்தார்கள். சுபேதாரிடம் ஓடினேன். "செத்தவனுக்குக் காகிதம் எதற்கு? உன் சம்பளத்தை நம்பி உன் அம்மா உயிரோடு இருக்கிறாள். பேசினால் உன் காதையும் சோதிப்பார்கள், வீட்டுக்குப் போக வேண்டியதுதான்" என்றார். வாயை மூடிக்கொண்டேன். அந்த வரியால் நாயக் ஆனேன், ஹவில்தார் ஆனேன். உனக்குப் பெருமையான பெரியப்பாவும் ஆனேன்.

ஜுரத்தில் செத்தவன் என்று அவன் ஊரில் பேசிக்கொண்டிருப்பார்கள், லாவண்யா. அவனை நான் இரண்டாம் தடவை கல்லில் புதைக்க மாட்டேன்.

பெரியப்பா


புனே
25.6.2024

பெரியப்பா,

இந்தத் தடவை நலம் விசாரிக்க எனக்குத் தகுதியில்லை. மனு இரண்டரை மாதம் என் பட்டுப் புடவைகளுக்கு அடியில் இருந்தது. நீங்கள் என் கல்யாணத்துக்கு எடுத்துக் கொடுத்த புடவைக்கு அடியில்தான்.

பொய் சொன்னேன். வேலைக்கான நேர்காணலில் உங்களைப் பற்றித்தான் பேசினேன். ஊரைவிட்டு இவ்வளவு தூரம் வந்து தனியாக நின்றபோதெல்லாம், ஆற்றைத் தாண்டியவரின் வீட்டுப் பெண் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அந்த வரி போனால் என்னிடமிருந்தும் ஏதோ போய்விடும் என்று பயந்தேன். உங்கள் மூளையையே சந்தேகப்பட்டு எழுதினேன். அதை நினைத்தால் இப்போதும் கை கூசுகிறது.

காவ்யாவிடம் எல்லாம் சொன்னேன். கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அம்மா, ஆத்தத் தாண்டினதவிட இது கஷ்டம் இல்ல?" என்றாள். நான் படித்த படிப்புக்கு இது எனக்குத் தோன்றவில்லை.

நேற்று திங்கட்கிழமை போய்க் கொடுத்துவிட்டேன். ரசீது இத்துடன் இருக்கிறது, முத்திரையைத் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கிருந்த குமாஸ்தா இரண்டு தடவை படித்துவிட்டு, "முப்பது வருஷமாக வரியைச் சேர்க்கச் சொல்லித்தான் வருவார்கள். எடுக்கச் சொல்லி வந்தது இதுதான் முதல்" என்றார். நேரில் கண்ட சாட்சி ஒருவராவது வேண்டுமாம். யாராவது இருக்கிறார்களா?

மன்னிப்பீர்களா?

லாவண்யா


ஆரணி
8.7.2024

அன்பு மகளுக்கு,

ரசீதைத் தடவிப் பார்த்தேன். அசல்தான்.

ஐம்பத்திரண்டு வருஷம் மறைத்தவன், இரண்டரை மாதம் மறைத்தவளை என்னவென்று மன்னிப்பது? கழுதை, சாப்பிட்டாயா?

உன் பெரியம்மாவிடமும் சொல்லிவிட்டேன். ஒரு வாரமாக அவள் என்னோடு பேசவில்லை. செவிடனுக்கு அது ஒரு தண்டனையா என்று கேட்டேன். சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். இரவு நோட்டில், "என்னாண்ட கூடவா சொல்லல?" என்று எழுதி வைத்திருந்தாள். தணிகாசலம் மட்டும் துள்ளுகிறார். "அண்ணே, வுடுங்க. ஊரே உங்களத்தான் சொல்லுது" என்று எழுதிக் காட்டுகிறார். ஊர் சொல்வதைத்தான் நான் திருத்தக் கேட்கிறேன்.

சாட்சிக்கு ஒருவர்தான். அந்தக் கேப்டன், பெயர் சாத்தே. துரைக்கண்ணு சுமந்த இன்னொருவர் பத்து வருஷத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். சாத்தே புனேக்காரர். இருந்தால் எண்பத்து மூன்று வயது இருக்கும். தேடிப் பார். அவர் என்னைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னால் நம்பாதே.

பெரியப்பா


புனே
19.8.2024

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். பெரியம்மா பேச ஆரம்பித்துவிட்டார்களா?

சாத்தே ஐயா இருக்கிறார்! நிமிர்ந்துதான் உட்காருகிறார், ஒரு கால் மட்டும் மடங்காது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு சொன்னார்: "அவன் முகத்தை நான் பார்க்கவே இல்லை. ஒரே மூடுபனி. வழி முழுக்க என் மூக்கு அவன் காலரில் புதைந்திருந்தது. சிவப்பு முடிச்சு ஒன்றுதான் தெரிந்தது. மயங்கக் கூடாது என்று அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஆள் ஏதோ பாடிக்கொண்டே வந்தான்."

உங்களுக்குப் பாட வருமா என்று கேட்டார். பெரியப்பா பாடினால் தெருவில் நாய்கள் எழுந்துவிடும் என்றேன். ரொம்ப நேரம் சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனை வருஷம் தப்பான ஆளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேனா என்று மறுபடி மறுபடி கேட்டார்.

எழுதித் தரத் தயார். ஆனால் ஒரு கொக்கி போடுகிறார். அந்த முடிச்சு இன்னொரு சட்டையிலும் இருந்தது என்பதற்கு உங்கள் வார்த்தையைத் தவிர ஏதாவது இருக்கிறதா? இரண்டு சட்டை உண்டென்று கண்ணால் பார்த்தால்தான் கையெழுத்துப் போடுவாராம். இல்லையென்றால் அலுவலகத்திலும் அதே கேள்விதான் வருமாம்.

துரைக்கண்ணு மாமா வீட்டில் யாராவது இருக்கிறார்களா? நீங்கள் அங்கே போனதுண்டா? இதுவரை ஒரு கடிதத்திலும் அதைச் சொல்லவில்லையே.

லாவண்யா


ஆரணி
15.9.2024

அன்பு மகளுக்கு,

ஆமாம், அவன் பாடுவான். அதை நான் மறந்தே போயிருந்தேன். மற்றதெல்லாம் நினைவிருக்க, அது மட்டும் போய்விட்டது.

நீ கேட்டதற்குப் பதில்: போனதில்லை. வேலூரிலிருந்து போளூர் போகும் பஸ் சந்தவாசலில் நிற்கும். உன் பெரியம்மாவின் தாய்வீடு போளூர் என்பதால் நூறு தடவையாவது அந்த வழியாகப் போயிருப்பேன். அந்த நிறுத்தம் வந்தால் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொள்வேன். பாலம் தாண்டித்தான் திறப்பேன்.

போன வியாழக்கிழமை அங்கே இறங்கினேன். பெரியம்மாவும் கூட வந்தாள். "தனியா போவாத" என்று மட்டும் எழுதிக் காட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

துரைக்கண்ணுவுக்கு ஒரு தங்கை இருக்கிறார், கமலம். அறுபத்தெட்டு வயது. நாலு மாடு வைத்துச் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறார். போனபோது வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் நிறுத்தினால் திரும்பிப் போய்விடுவேன் என்று பயம். அவர் என் கையிலிருந்த நோட்டை வாங்கி, பென்சிலால் எழுதினார்: "ஏன் இவ்ளோ நாளு?"

"பயம்மா" என்றேன்.

பெரியம்மாவிடம் அவர் ஏதோ ரொம்ப நேரம் பேசினார். பெரியம்மா பிறகு எனக்கு எழுதிக் காட்டினாள்: "சண்டைக்குப் போயி ஜொரத்துல செத்தான்னு ஊர்ல சிரிச்சாங்களாம். அவங்க அம்மா அத்தோட பால் ஊத்தப் போறதயே நிறுத்திட்டாங்களாம். ஆத்துல எறங்கினதாலதான் ஜொரமான்னு கேக்கறாங்க." ஆமாம் என்று தலையாட்டினேன். கமலம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்குள் போய்விட்டார்.

நாங்கள் கிளம்பலாம் என்று எழுந்தோம். அப்போது ஒரு தகரப் பெட்டியோடு வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பெட்டி. உள்ளே ஒரு சீப்பு, கண்ணாடி, மடித்த காக்கிச் சட்டை. காலரைத் திருப்பினேன். நம் வீட்டு முடிச்சு, லாவண்யா. துணி இற்றுப்போயிருந்தது. பட்டு அப்படியே இருந்தது. நான் போட்ட முடிச்சு எனக்குத் தெரியாதா? அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அந்த அம்மாள் நோட்டில் இன்னொரு வரி எழுதினார்: "சாப்ட்டுப் போங்க."

அவர் என்னைத் திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். சட்டையைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். நம்பிக் கொடுத்தது. உன் உயிர்போல வைத்துத் திருப்பி அனுப்பு.

பெரியப்பா


புனே
12.12.2024

அன்புள்ள பெரியப்பாவுக்கு, பெரியம்மாவுக்கு,

நமஸ்காரம். முதலில் விஷயம்: திருத்திவிட்டார்கள்! உத்தரவின் நகல் இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்று உங்களுக்கு, இன்னொன்று சந்தவாசலுக்கு.

இவ்வளவு நாள் எழுதாததற்கு இந்தத் தடவை நான் காரணமில்லை. வாரம் ஒருமுறை போய் நின்றேன். சாத்தே ஐயா சட்டையைக் கையில் வாங்கியதும் காலரை மூக்கருகே கொண்டுபோனார். அப்புறம் எதுவும் கேட்கவில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டார். அவரே ஊன்றுகோலோடு என்னுடன் அலுவலகத்துக்கு வந்தார், இரண்டு தடவை.

நான்காம் பக்கத்து வரி துரைக்கண்ணு மாமாவின் ஏட்டில் சேர்ந்தது. மரணத்துக்கு எதிரே, "ஆற்றில் காயம்பட்டோரை மீட்டபோது ஏற்பட்ட குளிர் ஜுரத்தால்" என்று எழுதியிருக்கிறார்கள். உங்கள் ஏட்டில் அந்த இடத்தில் சிவப்பு மையில் ஒரு கோடு. ஓரத்தில், "படைவீரரின் சொந்த வேண்டுகோளின்படி." அவ்வளவுதான்.

அந்த ஓரத்து வரியைத்தான் நான் பிரேம் போட்டு டிவி பக்கத்தில் வைக்கப் போகிறேன். கோப்பையை எடுக்க வேண்டாம், பேச்சை மட்டும் மறுபடி பேச விடுங்கள் என்று காவ்யா ஆசிரியையிடம் கேட்டிருக்கிறாள். உங்களைப் பார்த்து ஆச்சரியப்படுவதற்கு எனக்கு இதுவரை ஒரு தப்பான காரணம் இருந்தது. இப்போதுதான் சரியானது கிடைத்திருக்கிறது.

சட்டை பத்திரமாக வருகிறது. கல் வெட்டுகிறவரிடம் ஜல்தியாகச் சொல்லுங்கள்.

லாவண்யா


ஆரணி
27.1.2025

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். தைலம் அலமாரியைவிட்டு வெளியே வந்துவிட்டது. நேற்று ரொம்ப நேரம் நின்றதால் இருவருக்கும் தேவைப்பட்டது.

கல் நன்றாக வந்திருக்கிறது. முதல் பெயர் துரைக்கண்ணு, அதற்குக் கீழே அவன் செய்தது. எட்டாவதாக நான். பெயர், சேர்ந்த வருஷம், வந்த வருஷம். கறுப்புக் கல்லில் வெள்ளை எழுத்து, கண்ணாடி இல்லாமலே படிக்க முடிகிறது. தணிகாசலம் என்னை மேடைக்குக் கூப்பிட்டார். மறுத்துவிட்டேன். முதல் வரிசையில் கமலம்மாவையும் அவர் வீட்டாரையும் உட்காரவைத்துவிட்டு, பெரியம்மாவோடு பின்னால் உட்கார்ந்தேன்.

கொடி ஏறியது. தணிகாசலம் காகிதத்தைப் பார்த்து வாசிக்க ஆரம்பித்தார். அவர் உதடு அசைவது தெரிந்தது. எங்கே வாசிக்கிறார், யார் பெயரை வாசிக்கிறார், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அன்று அணிவகுப்பில் நின்ற மாதிரியே இருந்தது.

அப்போது முன்வரிசையில் கமலம்மா எழுந்து நின்றார். மொத்தக் கூட்டமும் எழுந்தது. ஐம்பத்து மூன்று வருஷம் கழித்து அவன் பெயரை வாசிக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. யாரும் முழங்கையால் இடிக்கவில்லை. நானே எழுந்து சல்யூட் அடித்தேன். எதற்கு என்று இந்தத் தடவை தெரியும்.

எல்லாம் முடிந்து லட்டு கொடுத்தார்கள். கமலம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். என் சட்டைப்பையிலிருந்த நோட்டை அவரே எடுத்தார். பென்சிலை நாக்கில் தொட்டு எழுதிக் காட்டினார்:

"எங்கண்ணன் பேரப் படிச்சாங்களே, கேட்டுதா அண்ணே?"

"நல்லா கேட்டுதும்மா" என்றேன்.

உன் பெரியப்பா,
சம்பந்தம்